எண்ணெய்ச் சூடு

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

நின்று பேச எனக்கு வராது. நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பிரிவுபசாரத்தன்று டாக்டர், உன் அனுபவத்தில் இரண்டு வார்த்தை சொல் என்றபோது ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களில் சிலர் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதிக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கட்டு எப்படிப் போடுவது, தையலை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் இதில் இருக்காது. அவற்றைச் சிஸ்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். தெர்மாமீட்டரில் பாதரசக் கோடு எனக்குத் தெரியாமல் போனதால் ஐம்பது வயதுக்கு முன்பே நானாகப் பையை ஒப்படைத்தேன். பையைக் கொடுத்துவிட்டேன். பைக்குள் இல்லாத ஒன்றைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். அது இரண்டு கால்களின் கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நம் தென்காசி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கட்டில்தான் உண்டு. ஆபரேஷன் முடிந்த ஐந்தாறு நாளில் அடுத்தவருக்குக் கட்டில் வேண்டும். தென்காசிக்காரர் என்றால் வீட்டுக்குப் போய்விடுவார். கடையம், ஆலங்குளம், சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களைத் தையல் பிரிக்காத வயிற்றோடு பஸ்ஸில் குலுக்கி அனுப்ப முடியாது. அவர்கள் குற்றாலத்தில் ஒரு வீடோ அறையோ பிடித்து இரண்டு மூன்று வாரம் தங்குவார்கள். சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். சாரல் காற்றுப் பட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. டாக்டர் அதை மறுக்கமாட்டார். அருவியில் மட்டும் போய் நிற்காதே என்று சொல்லி அனுப்புவார்.

அப்படித் தங்கியிருப்பவர்களை ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் சைக்கிளில் போய்ப் பார்த்துவருவது என் வேலை. நான் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பையோடு யார் வந்தாலும் குற்றாலத்தில் அவர் கம்பவுண்டர்தான். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். பையில் தெர்மாமீட்டர், பஞ்சு, கட்டுத்துணி, ஸ்பிரிட், கத்தரிக்கோல், ஒரு நோட்டு. ஒருமுறை பையைத் திறந்து வைத்திருந்தபோது குரங்கு ஒன்று கட்டுத்துணி உருளையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அது அங்கே உட்கார்ந்து தன் கையில் சுற்றிப் பார்த்ததை நோயாளி ஜன்னல் வழியாகப் பார்த்து, சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். பையை மூடி வையுங்கள்.

நோட்டில் தேதிக்கு எதிரே மூன்று கட்டம் போட்டிருந்தேன். காய்ச்சல், புண், சாப்பாடு. நான் பார்க்க வேண்டியது இந்த மூன்றும்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் கத்தி பட்ட உடம்பைப் பச்சை உடம்பு என்பார்கள். பிள்ளை பெற்றவளைப் போலவே அதையும் காப்பாற்றுவார்கள். எழுந்திருக்கவிடமாட்டார்கள், புரளவிடமாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, மரக்கட்டை மாதிரி படுக்கவைத்து வாயில் ஊட்டிவிடுவார்கள். அப்படிப் படுத்தே கிடக்கிற நோயாளியைப் பார்த்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும். நல்ல வீடு, சொன்னபடி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது சீசனில் கடையத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெல்லப் பேசுகிறவர், நானும் அப்படி என்பதால் எங்களுக்குள் ஒரு சினேகம். ஐந்தருவிப் பாதையில் ஓர் ஓட்டு வீட்டில் மனைவியோடு தங்கியிருந்தார். தையல் பிரித்தாயிற்று. புண் கோடு மாதிரி சுத்தமாக ஆறியிருந்தது. அன்று நான் கட்டை மாற்றிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, இடது கெண்டைக்கால் இரண்டு நாளாக உளைகிறது என்று சொன்னார். படுத்தே இருப்பதால் இருக்கும், ஒன்றும் ஆகாது என்றேன். யாராவது பிடித்துவிட்டால் தேவலை என்றார் அவர் மனைவி.

அருவிக்கரையில் சுடலைமுத்து என்று ஒருவர் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். குளிக்க வருகிறவர்கள் அவர் கைக்காக வரிசையில் நிற்பார்கள். நானும் அவரிடம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வலி எங்கே என்று நாம் சொல்லவேண்டாம், அவர் விரல் தானாக அங்கே போகும். திரும்பும் வழியில் நானே இறங்கி அவரிடம் போய், சாயந்திரம் வாத்தியார் வீட்டுக்குப் போய்க் காலை உருவிவிடுங்கள் அண்ணாச்சி, நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவருக்கு உபகாரம் செய்த சந்தோஷத்தோடு சைக்கிளை மிதித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை குற்றாலத்திலிருந்து ஆள் வந்தது. வாத்தியார் எழுந்து, கால் வலி விட்டுவிட்டது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நாலு எட்டு வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்கியிருக்கிறது. அவர் மனைவி தண்ணீர் எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கால் வலி என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றேன். நோட்டைக் கேட்டார். அதில் கால் வலி இல்லை. கால் வலிக்கு என் நோட்டில் கட்டம் இல்லை. சுடலைமுத்துவை அனுப்பியதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம் விளக்கினார். அசையாமல் கிடக்கிற காலில் சில பேருக்கு உள்ளே ரத்தம் உறைந்துவிடும். கெண்டை வலிக்கும், வீங்கும், தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். அந்தக் காலைப் பிடித்து உருவினால் உறைந்த கட்டி பெயர்ந்து, ரத்தத்தோடு ஓடி, நெஞ்சுக்குள் போய் அடைத்துவிடும்.

"இத ஒனக்கு நான் முன்னாலயே சொல்லித் தந்திருக்கணும்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பதினாறு கழிந்ததும் டாக்டர் தாமே கடையம் போய் வாத்தியார் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். என்னையும் கூட்டிப் போனார். நான் வாசல் தாண்டவில்லை. திரும்பும்போது காரில் என்னிடம், அந்த எண்ணெய் தேய்க்கிறவரிடம் நீ சொல்லிவிடு, அவர் கைக்கு எத்தனை கால் வருகிறதோ என்றார். சரி என்றேன்.

சொல்லத்தான் போனேன். அருவிக்கரையில் என்னைப் பார்த்ததும் சுடலைமுத்து, தேய்த்துக்கொண்டிருந்த ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வாத்தியாரய்யா போயிட்டாவளே கம்பவுண்டரய்யா. மொத நா சாயந்தரம் என் கையாலதான் உருவிவிட்டேன். வலி விட்டுப்போச்சுலே சுடலைன்னு சிரிச்சாவ. அந்த மட்டுக்கும் வலியில்லாம அனுப்பி வச்சோமேன்னு நெனச்சுக்கிடுதேன்."

ஆமாம் என்றேன். இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, இனி நாம் யாரையும் இவரிடம் அனுப்பாமல் இருந்தால் போதும் என்று தீர்மானித்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி கோழைத்தனம். அவரிடம் சொன்னால், அனுப்பியது நான் என்றும் சொல்லவேண்டும்.

அதன்பின் இரண்டு சீசன் போயிற்று. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காலைப் பார்த்தேன். காலை யாரும் பிடிக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். சுடலைமுத்துவைக் கண்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அவர் தேய்த்துவிட ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். நேரமில்லை என்பேன்.

அப்போது ஆலங்குளம் பக்கத்திலிருந்து செல்லையா என்ற விவசாயி வந்தார். முப்பத்தைந்து வயது. மூன்று சிறு பிள்ளைகள். பல வருஷமாக வயிற்றுப் புண், சோறு இறங்காது. பெரிய ஆபரேஷன். ஏழாம் நாள் குற்றாலத்துக்கு அனுப்பினோம். கூட இருந்தது அவர் மனைவி பேச்சியம்மாள் மட்டும். முதல் நாளே அவளிடம் காலைப் பற்றிச் சொன்னேன். அவள் நான் சொன்னதைத் திருப்பி ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். அவ்வளவு கவனமானவள். நான் நிம்மதியாகிவிட்டேன்.

நான் போகாத ஒரு நாளில் செல்லையாவின் அண்ணன் வந்து சேர்ந்தார். தம்பிக்கு இருபது வயது மூத்தவர், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் ஏட்டையா என்பார்கள். உத்தியோகம் போனாலும் குரல் போகவில்லை. தம்பி கால் உளைகிறது என்று முனகியதும், இதுக்கா யோசிக்கிறது என்று அருவிக்கரைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலை நான் சைக்கிளை நிறுத்தும்போதே வாசல்வரை வாடை வந்தது. மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். சாரல் பொழிந்துகொண்டிருந்தது. அது யார் எண்ணெய் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனேன். கட்டிலின் கால்மாட்டில் சுடலைமுத்து குந்தியிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். செல்லையாவின் வலது கால் முழங்கால்வரை பளபளவென்று இருந்தது. எப்போதும் வலதில்தான் தொடங்குவார். இடது கால் இன்னும் உலர்ந்திருந்தது. இடது கணுக்காலில் எலும்பே தெரியாமல் வீங்கியிருப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. முந்தாநாள் இல்லாத வீக்கம்.

"வாரும் கம்பவுண்டரு. ஒம்ம சோலிய அங்கன வச்சிட்டுச் செத்த இரியும். இவரு முடிச்சிரட்டும்" என்றார் ஏட்டையா.

வேண்டாம், காலைத் தொடாதீர்கள் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் ஓட்டில் விழுந்த சாரலில் போய்விட்டது. சுடலைமுத்து கிண்ணத்தில் கையை நனைத்து இடது காலுக்குத் திரும்பினார். நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது என்பது நம் ஆஸ்பத்திரியில் முதல் பாடம். நான் போய்க் கட்டில் விளிம்பில் அந்தக் காலுக்கும் அவர் கைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழி தோன்றவில்லை.

"என்னவே இது, கட்டில்ல ஏறி உக்காருதீரு?"

நான் கட்டுத்துணியில் ஒரு நாடா கிழித்தேன். வலது கெண்டையைச் சுற்றி அளந்து, முனைகள் சேருகிற இடத்தில் வெட்டினேன். அதே நாடாவை இடது காலில் மெல்லச் சுற்றிக் காட்டினேன். இரண்டு முனைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி. போலீசில் இருந்தவர், கண்ணால் கண்டால் ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"சரிவே. வீங்கித்தான் இருக்கு. அதுக்குத்தானே இவரக் கூட்டியாந்திருக்கேன். வீக்கம்னா உருவுனாத்தானே வடியும்?"

என் அத்தாட்சி எனக்கே எதிராகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள் என்று தான் நேற்றே சொன்னதாகப் பேச்சியம்மாள் கதவோரத்தில் நின்று சொன்னாள். சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். செல்லையா எங்கள் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கொரு காலப் பிரிச்சு எடுத்துக்கிடுங்க. எனக்கு எதுக்கு அது" என்றார்.

ஏட்டையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இருவது வருசமா இங்கன கால் பிடிக்காரு இவரு. எத்தன பெரிய மனுசனுக்குப் பிடிச்சிருக்காரு தெரியுமாவே? இவரு கை பட்டு எவன் செத்தான், ஒரு ஆளச் சொல்லும் பாப்போம்."

சுடலைமுத்துவும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தமக்காக ஒருவர் பேசுகிறார் என்ற சந்தோஷம்.

இரண்டு வருஷமாக நான் எதற்குப் பயந்தேனோ அந்தக் கேள்வி அப்படி வந்து முன்னால் நின்றது. இப்போதும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். டாக்டரைக் கூட்டிவருகிறேன் என்று எழுந்து போயிருக்கலாம். நான் தெருமுனை திரும்புவதற்குள் அந்தக் கால் எண்ணெயில் நனைந்திருக்கும். ஏட்டையாவைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுடலைமுத்துவைப் பார்த்தேன்.

"கடையத்து வாத்தியாரு, அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவருக்கும் இதே மாதிரிதான் கெண்ட உளஞ்சிச்சு. உள்ள ரத்தம் ஒறஞ்சு கெடந்திருக்கு. உருவுனதுல அது நகந்து நெஞ்சுக்குப் போயிட்டு. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. உங்கள அங்க அனுப்புனது நான். தெரியாம அனுப்பிட்டேன். தெரிஞ்ச பொறவும் உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன். அது என் குத்தம்."

அவர் கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. விரல் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கோபப்படுவார், எழுந்து அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"எந்தக் காலு?"

"எடது கால்."

அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சூடா இருந்துச்சு" என்றார். "கையில பட்டுச்சு எனக்கு. எண்ணெச் சூடுன்னு நெனச்சேன்."

தம்பி தங்கைகளே, அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. வாத்தியார் கால் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னார். அந்தக் காலின் சூடு சுடலைமுத்துவின் கைக்குத் தெரிந்தது. அது என்ன என்பது டாக்டருக்குத் தெரியும். மூன்று பேரிடமும் ஒவ்வொரு துண்டு இருந்தது. சேர்த்துவைக்க வேண்டியவன் நான். அதற்குத்தான் எனக்குச் சைக்கிளும் நோட்டும் கொடுத்திருந்தார்கள்.

சுடலைமுத்து துண்டை எடுத்து இரண்டு கைகளையும் அழுந்தத் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். பிறகு புறங்கையைச் செல்லையாவின் வலது காலில் வைத்தார். எடுத்து இடது காலில் வைத்தார், பூவைத் தொடுகிற மாதிரி. கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏட்டையா, இதும் அப்படித்தான் இருக்கு. நான் தொடமாட்டேன். வேற யாரையும் தொடவிடாதீங்க."

என் நாடாவை நம்பாத ஏட்டையா அந்தக் கையை நம்பினார். சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து என்ன என்பதில் எனக்கு ஒரு நிமிஷம் தடுமாற்றம். டாக்டருக்குச் சொல்லவேண்டும். நான் போனால் இங்கே யார்? செல்லையா கொல்லைக்குப் போக எழுந்தால்கூடப் போதும், வாத்தியாருக்கு நேர்ந்தது நேர்ந்துவிடும். அதனால் நான் இருக்கவேண்டும், வேறொருவர் போகவேண்டும். சுடலைமுத்துவிடம் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இடது கெண்டை வீக்கம், சூடு, பிடித்து உருவவில்லை, எழுந்திருக்கவிடவில்லை என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை மடியில் செருகிக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார்.

அவர் போன பிறகுதான், திரும்பி வருவாரா, ஆஸ்பத்திரிக்குத்தான் போவாரா என்ற எண்ணம் வந்தது. அப்போது அதை நினைத்துப் பயன் இல்லை. முழங்காலுக்குக் கீழே மடக்கிக் கொடுத்திருந்த தலையணையை எடுத்தேன். ஜமுக்காளத்தைச் சுருட்டி, கால் முழுவதும் நீளமாக மேடேறி இருக்கும்படி மெல்ல வைத்தேன். வலது காலிலிருந்த எண்ணெயைப் பேச்சியம்மாள் துடைக்க வந்தாள். அதையும் வேண்டாம் என்றேன்.

"நான் பொழச்சிருவனா?" என்று செல்லையா கேட்டார்.

யார் இப்படிக் கேட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்வது என் வழக்கம். வாத்தியாரிடமும் அப்படித்தான் சொன்னேன். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அசையாமக் கெடந்தா பொழைப்பீங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரலைக்கூட அசைக்கவில்லை. ஏட்டையா எழுந்துவந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார். டாக்டர் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. தம்பி ஒரு தடவை இருமியபோது அவர் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். சத்தமாகப் பேசுகிறவர்கள் பயப்படாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

முக்கால் மணி நேரத்துக்குள் டாக்டர் கார் வந்தது. செல்லையாவை மெத்தையோடு தூக்கிக் காரில் படுக்கவைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். ரத்தம் மேலும் உறையாமல் இருப்பதற்கான ஊசி மருந்து அன்று திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்தது. மூன்று வாரம் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. மூன்று வாரமும் ஏட்டையா ஆஸ்பத்திரி வராந்தாவில் காவல் இருந்தார். கட்டில் பக்கம் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, காலப் பிடிக்கக்கூடாது தெரியும்லா என்று கேட்டார். டாக்டரையும் ஒரு தடவை கேட்டார். செல்லையா தன் காலால் நடந்து பஸ் ஏறினார்.

அந்த வீட்டில் நான் செய்த தப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சியம்மாளிடம் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவள் சரியாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் முடிவு செய்கிறவர் அவள் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருவர், தீர்மானிக்கிறவர் வேறொருவர் என்பது நம் வீடுகளில் சாதாரணம். தீர்மானிக்கிறவர் நாளைக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒவ்வொரு தடவை போகும்போதும், வீட்டுக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவரிடமும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டரும் மாறினார். இரண்டாம் நாளே நோயாளிகளை எழுப்பி நடக்கவைக்க ஆரம்பித்தார். பச்சை உடம்பை நடத்திக் கொல்கிறார்கள் என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டதும் என் வேலையில் சேர்ந்ததுதான். உங்களுக்கும் கிடைக்கும்.

என் சைக்கிள் அன்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒழுங்காகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. சுடலைமுத்து இல்லை. தாளைக் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த சீசன் முழுவதும் அவரை அருவிக்கரையில் காணவில்லை. வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். செங்கோட்டையில் தம்பி வீட்டில் இருப்பதாக அவர் மனைவி சொன்னாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே தேடிக்கொண்டு போக எனக்கு மனம் துணியவில்லை.

அடுத்த சீசனில் அவர் திரும்பி வந்திருந்தார். நான் தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். சுடலைமுத்து அவரிடம் ஏதோ கேட்டார். பிறகு உலர்ந்த புறங்கையை ஒரு காலில் வைத்தார், மறு காலில் வைத்தார். அதற்கப்புறம்தான் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தார். அடுத்தவருக்கும் அப்படியே. நான் கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஆஸ்பத்திரி வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்தவர் எங்கள் நோயாளி இல்லை. மதுரையில் எங்கோ ஆபரேஷன் செய்துகொண்டு, உடம்பு தேறட்டும் என்று குற்றாலத்துக்கு வந்தவராம். அவரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் யாரும் வரவில்லை. வண்டிக்காரருக்குப் பக்கத்திலிருந்து சுடலைமுத்து இறங்கினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு காலு குளுமையா இருக்கு, ஒரு காலு சூடு. எண்ணெ இன்னும் வைக்கல கம்பவுண்டரய்யா."

அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்த மனிதரும் பிழைத்தார்.

உங்களுக்குக் கொடுத்திருக்கிற புது நோட்டுகளில் தேதிக்கு எதிரே நாலு கட்டம் இருக்கும். முதல் கட்டம் கால். கட்டை அவிழ்க்கும் முன் இரண்டு கால்களையும் பாருங்கள், புறங்கையால் தொடுங்கள், எழுதுங்கள். பிறகு மற்றவை. ஏன் கால் முதலில் வருகிறது என்று யாராவது கேட்டால், பழைய நோட்டுகள் ஸ்டோர் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன, அவற்றில் கடையத்து வாத்தியாரின் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். நான் அதைக் கிழிக்கவில்லை. கடைசி வரியில் என் கையெழுத்தில் இருக்கும்: காய்ச்சல் இல்லை. புண் சுத்தம். சாப்பாடு நன்று.

மூன்றும் உண்மைதான்.